மேல்வீட்டில் என்ன சத்தம்?

(வீட்டு இயந்திரங்களின் அதிர்வையும் இரைச்சலையும் குறைக்கும் வழிகள் பற்றித் தொலைக்காட்சி அரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வீவக புளோக்கை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவனுக்கு ஷிப்ட் வேலை. மனைவி வேலை முடிந்து வீடு திரும்பும்போது இரவு ஒன்பது மணியைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் துணி துவைக்க வேண்டும், மறுநாளைக்கு மாவு அரைக்க வேண்டும். நேராகக் கீழே, ஆறாம் மாடியில் ஒரு மலாய் மூதாட்டி. மேல்வீட்டுப் பிள்ளைகள் அவரை ‘மக்சிக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தீபாவளிக்கு முறுக்கு கீழே போகும். நோன்புப் பெருநாளுக்குக் கீழேயிருந்து பலகாரத் தட்டு மேலே வரும்.

முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மக்சிக் மருத்துவமனையிலிருந்து வந்தார். அன்று தொடங்கி அவருக்கு இரவில் தூக்கம் இல்லை. மேலேயிருந்து ஒரே சத்தம் என்றார். மகன் மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். “அக்கா, ராத்திரியில கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க. அம்மாவால தூங்க முடியல” என்றார். மேல்வீட்டு அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கிரைண்டர்தான் காரணம் என்று அவராகவே முடிவு செய்து, மாவு அரைப்பதை நிறுத்திவிட்டுக் கடையில் பாக்கெட் மாவு வாங்கத் தொடங்கினார்.

இரண்டு வாரம் கழித்து மகன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. “கிரைண்டரைத் தொட்டே இரண்டு வாரமாச்சு தம்பி” என்றார் அந்த அம்மா. அவர் நம்பவில்லை. அந்த ஆண்டு முறுக்குத் தட்டு கீழே போகவில்லை.

நேயர்களே, சிங்கப்பூரில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். ஒருவர் வீட்டுத் தரைதான் இன்னொருவர் வீட்டுக்குக் கூரை. ஆகவே இது யாருக்கும் வரக்கூடிய கதை. இதில் குற்றவாளி யார் என்று தேடுவதற்கு முன்னால் சத்தம் எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கதையின் முடிவுக்குப் பிறகு வருவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*சத்தம் போகும் இரண்டு வழிகள்*

சத்தம் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, காற்று வழி. தொலைக்காட்சியின் ஒலி, பேச்சுக் குரல், மிக்ஸியின் கூச்சல் போன்றவை சன்னல், கதவு இடுக்கு வழியாக வெளியே போகும். சன்னலைச் சாத்தினால் பெருமளவு குறைந்துவிடும்.

இன்னொன்று, கட்டடத்தின் உடல் வழி. இயந்திரம் நடுங்குகிறது. அந்த நடுக்கம் அதன் கால் வழியாகத் தரையில் இறங்குகிறது. தரையிலிருந்து சுவருக்கும் தூணுக்கும் பரவி, வேறொரு வீட்டின் கூரையிலோ சுவரிலோ மறுபடியும் சத்தமாக வெளிப்படுகிறது. கான்கிரீட் கனமானது, காற்று வழிச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு பொருள் நடுங்கினால், அந்த நடுக்கத்தை அதே கான்கிரீட் வெகுதூரம் சுமந்து செல்லும்.

தம்புராவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வெறும் கம்பியை மட்டும் இழுத்துக் கட்டி மீட்டினால் அடுத்த ஆளுக்குக்கூடச் சரியாகக் கேட்காது. கம்பியின் நடுக்கம் குடத்தில் இறங்கும்போதுதான் சபை முழுவதும் நாதம் கேட்கிறது. வீட்டிலும் அதே கதைதான். குளிர்பதனப் பெட்டியின் சின்ன நடுக்கம், சமையலறை அலமாரிப் பலகை என்ற குடத்தைத் தொட்டால் பெரிய ரீங்காரமாகிவிடும்.

இதனால்தான் திரைச்சீலை தொங்கவிடுவதும், சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதும் கீழ்வீட்டுக்காரருக்கு உதவுவதில்லை. நடுக்கம் தரைக்குள் இறங்கும் இடத்தில்தான் அதைத் தடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கட்டடத்தின் உடல் வழியாக வரும் சத்தம் எங்கிருந்து புறப்பட்டது என்று காதால் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். தலைக்கு மேலே கேட்பது பக்கத்து அடுக்கிலிருந்தோ இரண்டு மாடி தள்ளியோ வரலாம். மேல்வீட்டின் மீது பழி போடுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*டெசிபெல் கணக்கு*

சத்தத்தை டெசிபெல் என்ற அளவால் குறிக்கிறார்கள். இது சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு இயந்திரங்களை ஒன்றாக ஓட்டினால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும்.

நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறியது. இது மெல்லிய முணுமுணுப்பு அளவுதான். பகலில் சாலை இரைச்சலிலும் பிள்ளைகளின் ஆரவாரத்திலும் அமுங்கிப்போகும் ஒரு ரீங்காரம், நள்ளிரவில் ஊரடங்கிய பிறகு தனியாக எழுந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. இயந்திரம் மாறவில்லை. அதை மூடிவைத்திருந்த பகல் சத்தம்தான் விலகிவிட்டது.

*சலவை இயந்திரம் ஏன் ஆடுகிறது?*

வீட்டில் உள்ள இயந்திரங்களில் அதிகம் ஆடுவது சலவை இயந்திரம். துணி பிழியும் நேரத்தில் அதன் தொட்டி நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோமானால், அது வினாடிக்கு 20 சுற்று. ஈரத்துண்டு ஒன்று சுருண்டு ஒரே பக்கம் ஒட்டிக்கொள்கிறது. அதன் எடை அரைக் கிலோதான். ஆனால் தொட்டியின் நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி அந்த வேகத்தில் சுற்றும்போது, அது ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தொட்டியை வெளிப்பக்கம் இழுக்கிறது. அதுவும் ஒவ்வொரு வினாடியும் 20 தடவை திசை மாறி மாறி இழுக்கிறது.

வேகத்தைப் பாதியாக, 600 சுற்றாகக் குறைத்தால் அந்த விசை பாதியாகாது, கால் பங்காகிவிடும். 200 கிலோ 50 கிலோவாகும். ஆகவே இரவில் துவைத்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் பிழியும் வேகத்தைக் குறைத்து வைப்பதுதான் காசு செலவில்லாத முதல் மருந்து. துணியில் கொஞ்சம் ஈரம் கூடுதலாக இருக்கும். மூங்கில் கழியிலோ கொடியிலோ காயப் போட்டால் அதுவும் போய்விடும்.

அடுத்து, துணி போடும் முறை. ஒரே ஒரு கனத்த போர்வையை மட்டும் போடாதீர்கள். அது ஒரு பக்கம் திரண்டுகொள்ளும். அதோடு சில சிறிய துணிகளையும் சேர்த்தால் எடை சுற்றிலும் பரவும். அளவுக்கு மீறித் திணிப்பதும் கூடாது.

மூன்றாவது, கால்கள். இயந்திரத்தின் எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் ஒரு கால் தரையில் பதியவில்லை என்று பொருள். ரசமட்டத்தை இயந்திரத்தின் மேல் வைத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டம் பாருங்கள். அது இல்லாதவர்கள் கைத்தொலைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியைப் பயன்படுத்தலாம். காலைத் திருகிச் சரிசெய்த பிறகு, அதன் மேலுள்ள பூட்டு நட்டை இறுக்க மறக்காதீர்கள். பலர் மறப்பது இதைத்தான். இறுக்காவிட்டால் அதிர்வில் கால் மறுபடியும் தானாகத் திருகிக்கொள்ளும்.

நான்காவது, புதிதாக வாங்கியவர்களுக்கு. முன்பக்கக் கதவுள்ள இயந்திரங்களின் பின்பக்கத்தில், லாரியில் வரும்போது தொட்டி ஆடாமல் இருக்கப் பெரிய போல்ட்டுகளை முடுக்கி அனுப்புவார்கள். அவற்றைக் கழற்றிய பிறகுதான் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். கழற்றாமல் ஓட்டினால், உள்ளே தொட்டியைத் தாங்கும் சுருள்வில்லும் அதிர்வு தாங்கியும் வேலை செய்ய முடியாமல், முழு நடுக்கமும் தரையில் இறங்கும். இயந்திரமும் கெட்டுப்போகும். வீடு மாறும்போது வேண்டும் என்பதால் அந்தப் போல்ட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பழைய இயந்திரம் குதித்தால், அதிர்வு தாங்கிகள் தேய்ந்திருக்கலாம். பழுதுபார்ப்பவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

*ரப்பர் பட்டை: கைகொடுக்குமா, காலை வாருமா?*

கடைகளில் இயந்திரத்தின் காலுக்குக் கீழே வைக்கும் ரப்பர் பட்டைகள் விற்கின்றன. வாங்கி வைத்தவர்களில் சிலர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சிலர் முன்பைவிட மோசம் என்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

எந்தப் பட்டைக்கும் ஒரு சொந்த ஆட்டம் உண்டு. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். இயந்திரத்தின் எடையில் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கும் பட்டையின் சொந்த ஆட்டம் வினாடிக்கு ஏறக்குறைய 16 தடவை. நான்கு மில்லிமீட்டர் அமுங்கினால் எட்டுத் தடவை. இயந்திரத்தின் நடுக்கம் இந்த எண்ணைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால்தான் பட்டை அதைத் தடுக்கத் தொடங்கும்.

வினாடிக்கு 20 தடவை நடுங்கும் சலவை இயந்திரத்துக்குக் கீழே, 16 தடவை ஆடும் மெல்லிய, இறுகிய பட்டையை வைத்தால் ஊஞ்சலைத் தள்ளிவிட்ட கதையாகிவிடும். நன்றாக அமுங்கும் தடித்த பட்டை என்றால் நடுக்கம் வெகுவாகக் குறையும். ஆனால் அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் இயந்திரம் தள்ளாடி இடத்தைவிட்டு நகரும். ஆகவே முதலில் மட்டம், பிறகு வேகம், கடைசியில்தான் பட்டை. பட்டை வைத்த பிறகு மறுபடியும் மட்டம் பார்க்க வேண்டும். இயந்திரத்தோடு வந்த கையேடு பட்டை வைக்க அனுமதிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீங்காரச் சத்தத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் மோட்டாரும் மின்மாற்றியும் போடும் ‘ம்ம்ம்’ என்ற ஓசை பெரும்பாலும் வினாடிக்கு 100 அதிர்வு. இந்த வேகமான நடுக்கத்தைச் சாதாரண ரப்பர் பட்டையே நன்றாகத் தடுத்துவிடும்.

*கிரைண்டரும் மிக்ஸியும்*

தமிழர் வீடுகளில் நன்கு பழகிய இயந்திரம் மாவரைக்கும் கிரைண்டர். கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். கல்லும் கல்லும் உரசும் இயந்திரம் ஓசையில்லாமல் ஓடாது. ஆனாலும் அடக்கி ஓட்ட வழி உண்டு.

உளுந்தும் தண்ணீரும் போடாமல் வெறுங்கல்லை ஓடவிடாதீர்கள். கடகடவென்ற சத்தம் அப்போதுதான் அதிகம். குழவிகளைத் தாங்கும் தண்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா, அதன் திருகு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘கிறீச்’ என்ற சத்தம் வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம்.

வைக்கும் இடம் முக்கியம். சமையலறை மேடையின் நடுப்பகுதி, கீழே வெறும் அலமாரி இருக்கும் இடம், மிருதங்கத்தின் தோல்போல அதிரும். பக்கவாட்டுப் பலகை தாங்கும் ஓரமாக, கனத்த ரப்பர் விரிப்பின் மேல், சுவர் ஓடுகளைத் தொடாமல் வையுங்கள். மிக்ஸிக்கும் இதே முறைதான். துண்டை மடித்து அடியில் வைப்பவர்கள் மோட்டாருக்குக் காற்றுப் போகும் துளையை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரைக்கும் கல்லுக்கு அடியிலும், மிளகாய் இடிக்கும் உரலுக்கு அடியிலும் விரிப்புப் போடலாம். உரலில் இடிப்பதை மேடையில் செய்யாமல் பகலில், தடித்த விரிப்பின் மேல் செய்தால் கீழ்வீடு வாழ்த்தும்.

*குளிர்பதனப் பெட்டி, காற்றாடி, குளிர்சாதனம்*

குளிர்பதனப் பெட்டி இரவும் பகலும் ஓடுகிறது. அதைச் சுவரோடும் அலமாரியோடும் ஒட்டி வைக்கக்கூடாது. இடைவெளி இருந்தால் நடுக்கமும் பரவாது, சூடும் வெளியேறும், மின்சாரமும் மிச்சமாகும். பெட்டியின் மேல் வைத்த தட்டும், உள்ளே ஒன்றையொன்று தொடும் கண்ணாடிப் புட்டிகளும், பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டும்கூடக் கிணுகிணுக்கும். சத்தம் கேட்கும்போது ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன்.

காற்றாடி ஆடினால் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கைகளைத் துடையுங்கள். தூசு எல்லா இறக்கையிலும் ஒரே அளவாகப் படிவதில்லை. பிறகு திருகுகளை இறுக்குங்கள். கூரையில் தொங்கும் காற்றாடி அதன் பிறகும் ஆடினால் உள்ளூர் மின்பணியாளரிடம் காட்டுவது நல்லது. அது தலைக்கு மேல் தொங்கும் பொருள்.

குளிர்சாதனத்தின் வெளிப்புறப் பெட்டி அதிர்ந்தால், அதைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டு தளர்ந்திருக்கலாம், அடியிலுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கலாம். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் ரப்பர் நாளடைவில் கல்லாகிவிடும். ஆனால் இதைச் சரிசெய்ய யாரும் சன்னலுக்கு வெளியே எட்டிக் குனியக்கூடாது. அது பயிற்சி பெற்ற நிறுவுநரின் வேலை. அடுத்த முறை சுத்தம் செய்ய வருபவரிடம் “அந்த ரப்பரையும் கொஞ்சம் பாருங்கள்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

*ஆறாம் மாடியின் முடிவு*

இப்போது மக்சிக்கின் வீட்டுக்குத் திரும்பலாம். முறுக்கு போகாத அந்தத் தீபாவளிக்குப் பிறகு, மேல்வீட்டுக் கணவர்தான் ஒரு யோசனை சொன்னார். “தம்பி, இன்னிக்கு ராத்திரி நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. நான் உங்க வீட்டுல உட்கார்ந்து கேட்கிறேன்.”

அப்படியே செய்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல்வீட்டில் சலவை இயந்திரம் பிழியத் தொடங்கியதும், கீழே கூரை ‘தட தட’வென்று அதிர்ந்தது. கீழே இருந்த கணவருக்கு முகம் மாறிவிட்டது. இத்தனை நாளாக இவ்வளவு சத்தம் கீழே போகிறது என்று அவருக்குத் தெரியாது. இயந்திரத்தின் ஒரு கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றிருந்தது. மகன்தான் மேலே குனிந்து அதைக் கண்டுபிடித்தார்.

ஆனால் சலவை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மக்சிக்கைத் தூங்கவிடாத அந்த ‘ம்ம்ம்’ என்ற ஓசை மட்டும் நிற்கவில்லை. மேல்வீட்டில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்தும் நிற்கவில்லை. சுவரில் காதை வைத்துத் தேடியபோது, அது மக்சிக்கின் சொந்தச் சமையலறையிலிருந்தே வந்தது. முழங்கால் வலிக்கு வசதியாக இருக்கட்டும் என்று அவருடைய கட்டிலைச் சமையலறையை ஒட்டிய அறைக்கு மாற்றியிருந்தார்கள். தலைமாட்டுச் சுவருக்கு மறுபக்கம், சுவரோடு ஒட்டி நின்றது குளிர்பதனப் பெட்டி. அதை ஒரு கையளவு முன்னால் இழுத்து, அடியில் ரப்பர் வைத்து, கட்டிலையும் சுவரிலிருந்து விலக்கிப் போட்டார்கள்.

ஆக, குற்றம் இரண்டு வீட்டிலும் இருந்தது. ஒரு வீட்டார் இல்லாத பழியைச் சுமந்தார்கள், இருந்த தவற்றை அறியாமல் இருந்தார்கள். இன்னொரு வீட்டார் மேலே பார்த்துக்கொண்டு பக்கத்தில் பார்க்கவில்லை.

*சொல்வதிலும் ஒரு முறை*

சத்தம் வந்தால் முதலில் ஒரு தாளில் குறித்துவையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படிப்பட்ட ஓசை? சத்தம் படிப்படியாக ஏறி உச்சத்துக்குப் போய் நின்றால் சலவை இயந்திரம். விட்டு விட்டு நாள் முழுவதும் வந்தால் குளிர்பதனப் பெட்டி. ஒரே சீராக அரை மணி நேரம் ஓடினால் கிரைண்டராக இருக்கலாம். பிறகு உங்கள் வீட்டின் மின்சாதனங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அதன் பிறகு அண்டைவீட்டாரின் கதவைத் தட்டுங்கள். “உங்களால்தான்” என்று தொடங்காமல், “இப்படி ஒரு சத்தம் கேட்கிறது, சேர்ந்து பார்க்கலாமா?” என்று தொடங்கினால் கதவு திறந்தே இருக்கும்.

பேசியும் தீராவிட்டால் வழியில்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டு முதல் சமூக சமரச நிலையம் இயங்கிவருகிறது. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இருதரப்பையும் அமரவைத்துப் பேச வைப்பார்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அண்டைவீட்டார் பூசல்களுக்கென்று தனி நடுவர் மன்றமும் வந்துவிட்டது. ஆனால் அது கடைசிப் படி. நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்லலாம். முறுக்குத் தட்டை மறுபடியும் கீழே அனுப்பி வைக்க அதனால் முடியாது.

அண்டைவீட்டுச் சத்தம் பற்றி ஆராய 2022ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சமூக ஆலோசனைக் குழு, இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை அமைதி நேரமாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு அது சிரமம்தான். அப்படிப்பட்டவர்கள் கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம். எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரிந்த சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள மனிதர்களால் முடிகிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். சலவை இயந்திரத்தின் இரண்டு எதிர்மூலைகளில் கை வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால், கீழ்வீட்டில் யாரோ ஒருவர் உங்களிடம் இன்னும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.